கௌதாரிமுனையும் வெளிக்குளமும்: பாமினிக்குள் மாட்டுப்பட்ட எழுத்துகள்

சித்தப்பா தந்த பென்டிரைவ் 512 எம்பி. இப்ப ஒரு கலியாணவீட்டு வீடியோவின் கால்வாசிகூட அதுக்குள்ள அடங்காது. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அது அவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அவரோடு போய், கடைசியில் செட்டிகுளம் முகாம் வரைக்கும் வந்தது. சொப்பின் பையில் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தார்.

"உதுக்குள்ள பள்ளிக்கூட மலர் ஒண்டு கிடக்கு பிள்ளை. 2007இல ரைப் பண்ணினது, அச்சடிக்கேல்ல. போனில வாசிக்கிற மாதிரி மாத்தித் தருவியோ?"

அந்தக் காலத்தில் சித்தப்பா கிளிநொச்சியில் ஒரு சின்னக் கடையில் தமிழ் ரைப் பண்ணிக் கொடுத்தவர். கல்வெட்டு, கோயில் நோட்டீஸ், சோதனைப் பேப்பர், மரண அறிவித்தல் எல்லாம் அவருடைய விரலுக்குள்ளால்தான் போகும். ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும் என்பதால் வேகமும் வந்துவிட்டது.

நான் படிப்பது கணினி. இரவில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது சின்னச் சின்ன நிரல் எழுதிப் பார்க்கிற பழக்கம் உண்டு. பாதி முடியாது, மீதி யாருக்கும் பயன்படாது. இது நல்ல வேலையாகத் தெரிந்தது. ஒரு கிழமையில் முடிப்பன் எண்டு சொன்னன். மூன்று மாதம் எடுத்தது. நாங்கள் இன்று போனில் சாதாரணமாகத் தட்டுகிற தமிழ் எந்த வழியால் வந்தது என்பதை அந்த மூன்று மாதத்தில்தான் படித்தேன்.

கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்து. சொல்லும் இல்லை, வசனமும் இல்லை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, விசைப்பலகையில் பூனை நடந்த மாதிரி. இலங்கையில் கொஞ்சக் காலமாவது தமிழ் ரைப் பண்ணியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பாமினி.

பாமினி ஒரு எழுத்துரு. கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்துத் தந்திரம் அது. ஆங்கில ஜே என்ற சின்ன எழுத்தின் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'த' வின் உருவத்தை வைப்பார்கள். கே இருந்த இடத்தில் 'ம'. பி இருந்த இடத்தில் இகரக் குறி. ஓ இருந்த இடத்தில் 'ழ'. அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்துக்கான மேற்புள்ளி. ஆக ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையை அடித்தால் திரையில் 'தமிழ்' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது இன்னமும் ஆங்கிலம்தான். தமிழ் என்பது மேலே போட்ட முகமூடி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும்.

பாமினியை இறக்கிப் போட்டால் வாசிக்கலாம். மடிக்கணினியில் போட்டேன், வாசித்தேன். ஆனால் போனில்? வட்சப்பில் அனுப்பினால்? நாளைக்கு ஒருவர் தன் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால்? அதற்கு இந்த எழுத்துகளை யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

சுண்டுக்குளியில் தொடங்கும் கதை

பாமினி ஏன் அப்படி யோசித்தது என்று தேடப் போனால், கணினிக்கு முந்திய ஒரு பொறியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்தவர். இளவயதில் மலாயாவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் ஒரு கொம்பனியில் வேலை செய்தவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்துவிட்டு, தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வரைந்து வரைந்து பார்த்தவர். முதல் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறோம்.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் சுத்தமான வடிவமைப்புச் சிக்கல். தமிழ் எழுத்து 247. பொறியில் விசைகளோ ஐம்பதுக்குள். எழுத்துக்கு ஒரு விசை என்று போனால் பொறி மேசையை விடப் பெரிதாகிவிடும். அதனால் எழுத்தைத் துண்டாக்கினார்கள். 'கொ' என்றால் ஒரு கொம்பு, ஒரு 'க', ஒரு அரவு என்று மூன்று துண்டு. மேலே ஏறி உட்காருகிற புள்ளிக்கும் விசிறிக்கும் 'நகரா விசை' வைத்தார்கள். அதை அடித்தால் குறி விழும், ஆனால் தாள் நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும்.

எனக்கு இதை வாசித்தபோது பெரிய மரியாதை வந்தது. கையில் இருக்கிற கொஞ்ச விசையை வைத்து ஒரு மொழியை முழுதாக எழுத வைப்பது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்தத் தீர்வுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. தாளில் விழுவது கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்பது அது. தட்டச்சுப் பொறிக்கு அது போதும்தான். தாளில் யாரும் தேடுபெட்டி வைத்துத் தேடுவதில்லையே.

பாமினி இந்த அனுமானத்தை அப்படியே கணினிக்குள் கொண்டு வந்தது. இலங்கையில் தட்டச்சில் பழகிய விரல்கள் ரெங்கநாதன் அடுக்குக்குப் பழகியவை. பாமினியின் அடுக்கும் அதற்கு நெருக்கமானது. அந்த ரெங்கநாதன் அடுக்கைத்தான் 2008இல் இலங்கை எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரமாகவும் ஏற்றது. ரைப்பிங் வகுப்புக்குப் போன ஒருவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் அடுத்த நாளே வேலை செய்யலாம்.

ஆளுக்கொரு எழுத்துரு

1980களிலும் 90களிலும் தமிழைக் கணினிக்குள் கொண்டு வந்தவர்களில் பலருக்கு அது சம்பள வேலை இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 80களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். இன்று ஆப்பிள் கருவிகளில் இருக்கிற தமிழ் எழுத்துருக்களின் பெயர்க் கடைசியில் வரும் 'எம்.என்.' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். சுவிற்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 90களின் தொடக்கத்தில் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அவர்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றியவர். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியனைச் செய்தார்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொருவரும் வேறுவேறு இடத்தில் இருந்து, வேறுவேறு அட்டவணை போட்டார்கள். ஒருவருடைய 'க' இன்னொருவருடைய கணினியில் 'ணூ' ஆகத் தெரியும். கடிதம் அனுப்புகிறவர் எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 மாநாடு இதைப் பற்றித்தான் பேசியது. இணையத்தில் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து விவாதித்து உருவாக்கிய டிஸ்கி குறியீடு ஒரு பக்கம் வந்தது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஒரு தரம் வேண்டும் என்று கூடியவர்கள் கலையும்போது கையில் மூன்று தரம் இருந்தது.

வன்னி இந்த விவாதத்துக்கு வெளியே இருந்தது. பொருளாதாரத் தடையும் மின்சாரம் இல்லாத இரவுகளும் இருந்த இடத்தில் குறியீட்டுத் தரம் பற்றி யார் கதைக்கிறது? 2002இல் ஏ9 திறந்தது. பாதை திறந்த பிறகு கணினிகள் வந்தன, கடைகள் வந்தன. புலம்பெயர்ந்த தொழில்நுட்பவியலாளர்களின் உதவியோடு வன்னிடெக் என்ற பயிற்சி நிறுவனமும் கிளிநொச்சியில் இயங்கியது. சித்தப்பா மாதிரி ஆட்கள் கையில் வந்து சேர்ந்தது பாமினி. பழைய கணினியிலும் ஓடும், எந்த மென்பொருளிலும் ஒட்டும், அச்சகத்துக்குக் கொண்டு போனால் அங்கேயும் அதுதான். 2006இல் பாதை திரும்ப மூடியபோது வன்னியில் தட்டச்சாகிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பாமினியில்தான். அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அச்சுக்குப் போகிற பக்கத்துக்குக் கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும்.

முகமூடிக்குப் பதிலாக முகம்

யூனிகோட் வேறு மாதிரி யோசித்தது. உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு எண். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருந்தது. இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அதைப் போட்டார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லை என்ற மனக்குறை நீண்ட காலம் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோட்டை ஏற்றபோது கூடவே டேஸ்16 என்ற மாற்றையும் அறிவித்தது அந்த மனக்குறையின் மிச்சம்தான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. யூனிகோட்டில் 'கொ' என்றால் முதலில் 'க', அதற்குப் பிறகு ஒகரக் குறி. நாங்கள் உச்சரிக்கிற ஒழுங்கு. கொம்பை இடப்பக்கம் வரைவதும் அரவை வலப்பக்கம் வரைவதும் திரையில் காட்டுகிற மென்பொருளின் பாடு. எழுத்து வேறு, அதன் உருவம் வேறு என்று பிரித்துவிட்டார்கள். இந்தப் பிரிப்புத்தான் தட்டச்சுப் பொறியில் இருந்து கணினி உண்மையாகவே விலகிய இடம்.

தரம் வந்தால் போதாது, தட்டுவதற்கு வழி வேண்டும். 1993இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டேர்டின் என்ற இளைஞர் லாவோ மொழியைத் தட்டுவதற்காக கீமேன் என்ற மென்பொருளை எழுதினார். லாவோசுக்காகச் செய்தது தமிழுக்கும் உதவியது. முகுந்தும் தமிழா குழுவினரும் அந்தக் கீமேனின் மேல்தான் எ-கலப்பையைக் கட்டினார்கள். எ-கலப்பையில் பாமினி அடுக்கும் இருந்ததால், பழைய விரல்களை மாற்றாமலே புதிய குறியீட்டில் எழுத முடிந்தது.

ஏற்கெனவே எழுதிக் குவித்தது? அதற்கு வந்தது பொங்குதமிழ் மாற்றி. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் செய்தது. ஒரே இணையப் பக்கம். மேலே பாமினியை ஒட்டினால் கீழே யூனிகோட் வரும். டிஸ்கி, டாப் என்று மற்றக் குறியீடுகளுக்கும் பொத்தான் இருந்தது. ஈழத்துத் தமிழ் வலைப்பதிவுகளில் எத்தனை பதிவு அந்தப் பெட்டிக்குள்ளால் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று ஊர்ப் பெயர்கள்

சரி, அப்ப நான் ஏன் புதிதாக எழுத வேண்டும்? ஒரு காரணம், கோப்புகள் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றாக ஒட்டி எடுக்க ஏலாது. மற்றக் காரணம், உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்க்க ஆசை. பைத்தனில் ஓப்பன் தமிழ் என்ற திறந்த நிரல்தொகுப்பு இருக்கிறது. முத்து அண்ணாமலையும் பலரும் சேர்ந்து வளர்ப்பது. அதற்குள்ளும் பாமினி அட்டவணை உண்டு. அதைப் பார்த்துப் பழகி என்னுடையதைத் தொடங்கினேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு அட்டவணை வேலை. இந்தக் குறிக்கு இந்த எழுத்து, மாற்று, முடிந்தது. என்னைத் தடக்கி விழுத்தியவை மூன்று ஊர்ப் பெயர்கள்.

முதலாவது கிளிநொச்சி. பாமினியில் 'நொ' என்றால் கொம்பு, ந, அரவு என்று கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் மூன்று குறி. என் நிரல் முதலில் கொம்பையும் ந-வையும் கண்டு 'நெ' ஆக்கிவிட்டு, பிறகு தனியாக ஒரு அரவைப் போட்டது. திரையில் பார்த்தால் 'நொ' மாதிரியே இருக்கும். உள்ளுக்குள் ஒரு குறிக்குப் பதில் இரண்டு. இரண்டும் சமம் என்று யூனிகோட் தரம் சொல்கிறது, ஆனால் எல்லாத் தேடுபெட்டியும் அதைக் கேட்பதில்லை. தீர்வு சின்னது: நீளமான கூட்டத்தை முதலில் மாற்ற வேண்டும், சின்னதைப் பிறகு. அட்டவணையில் என்ன இருக்கிறது என்பதைவிட எந்த ஒழுங்கில் இருக்கிறது என்பது முக்கியம்.

இரண்டாவது வவுனியாவில் இருக்கிற வெளிக்குளம். பாமினியில் ஔகாரக் குறிக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. கொம்பு போட்டு, எழுத்துப் போட்டு, பக்கத்தில் 'ள' வைப்பதுதான். அதனால் 'கொம்பு, எழுத்து, ள' என்று வந்தால் ஔகாரம் என்று எழுதி வைத்தேன். வெளிக்குளம் 'வௌிக்குளம்' ஆனது. உற்றுப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் 'வௌிநாடு', 'வௌியீடு' என்று எத்தனை தரம் கண்டிருப்பீர்கள்! எழுதியவருக்கு எழுத்துப் பிழை என்று நினைத்திருப்போம். மாற்றி ஒன்று ஒரு எழுத்து முன்னுக்குப் பார்க்காமல் விட்டாலே இது வந்துவிடும்.

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ஔகார விதியையே அழித்துவிட்டேன். வெளிக்குளம் சரியாகிவிட்டது. எல்லாக் கோப்பையும் மாற்றி, ஒரே ஆவணமாக்கி சித்தப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன், ஒரு பிழையும் தெரியவில்லை.

பெறுபேறு எதுவுமில்லை

அடுத்த நாள் பின்னேரம் சித்தப்பா விறாந்தையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடுபெட்டியில் எதையோ அடித்தார். அழித்தார். திரும்ப அடித்தார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, "அதில இல்லைப் போல" என்றார். "நான் ரைப் பண்ணினதெண்டுதான் நினைச்சன். மறந்துபோனன் போல."

போனை வாங்கிப் பார்த்தேன். தேடுபெட்டியில் அக்காவின் பெயர் இருந்தது. சித்தப்பாவின் மகள். 2009க்குப் பிறகு அவ எங்களோடு இல்லை. அவவின் படம்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. 2007இல் அந்த மலருக்கு அவ ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறா. சித்தப்பா அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் பென்டிரைவை இவ்வளவு காலம் கட்டி வைத்திருந்தார். எனக்கு அதைச் சொல்லவே இல்லை.

அக்காவின் பெயர் 'கௌ' என்று தொடங்கும்.

சித்தப்பா போனில் சரியாகத்தான் அடித்தார்: க, ஔகாரக் குறி. என் ஆவணத்தில் இருந்தது: க, எகரக் குறி, பிறகு ள என்ற முழு எழுத்து. 'கௌ', 'கெள'. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. பெயர் முழுதாக அதற்குள் இருக்கிறது, ஆனால் போன் அவருக்கு 'பெறுபேறு எதுவுமில்லை' என்று சொல்லிவிட்டது. அவரும் நம்பிவிட்டார். பிழை தன்னுடைய ஞாபகத்தில் என்று நினைத்தார்.

பிழை என்னுடையது. கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும் என்று நானும் நினைத்துவிட்டேன். தட்டச்சுப் பொறிக்கு அது பொருந்தும், நான் எழுதியதோ தேடுவதற்கான ஆவணம்.

அன்றிரவு மூன்றாவது ஊர்ப் பெயரை எடுத்தேன். பூநகரிப் பக்கம் இருக்கிற கௌதாரிமுனை. வெளிக்குளத்தில் 'ள'வுக்கு அடுத்து இகரக் குறி வருகிறது. வெள்ளத்தில் புள்ளி வருகிறது. குறியோ புள்ளியோ ஏறினால் அது உண்மையான 'ள'. கௌதாரிமுனையில் அதற்கு அடுத்து 'தா', புதிய எழுத்து. அப்படியென்றால் அது ஔகாரம். ஒரு எழுத்து முன்னுக்குப் பார்த்தால் போதும். 'மெள மெள' மாதிரி ஒன்றிரண்டு சொல் இதற்கும் தப்பும், அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்தேன்.

இப்போது என் நிரலில் கிளிநொச்சி, வெளிக்குளம், கௌதாரிமுனை மூன்றும் சோதனைச் சொற்கள். நிரலில் எதை மாற்றினாலும் முதலில் இந்த மூன்றும் சரியாக வருகிறதா என்று அதுவே பார்க்கும். ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்றை உடைத்தால் உடனே சொல்லும். மென்பொருள் வடிவமைப்புப் புத்தகங்களில் இதை முதல் அத்தியாயங்களிலேயே வாசித்திருக்கிறேன். ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

விடிய சித்தப்பா திரும்பத் தேடினார். ஒரு பெறுபேறு. கட்டுரையின் தலைப்பு 'எங்கள் குளம்'. ஒன்றரைப் பக்கம். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் குசினிக்குள் நின்றேன்.

உங்கள் வீட்டிலும் இருக்கும்

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கிக் காப்பாற்றி வருகிறது. 1981இல் யாழ். நூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தாளில் உள்ளதைப் போலவே பாமினியில் உள்ளதும் எங்களுடைய ஆவணம். அச்சேறாத மலர், சங்கக் கூட்ட அறிக்கை, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியல், ஆரோ ஒரு பிள்ளை எழுதிய கட்டுரை. தாள் மஞ்சளானால் தெரியும். பென்டிரைவ் சாகும்போது ஒரு அறிகுறியும் காட்டாது.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, கணினிப் பொறியியல் படிக்கலாம். 2021இல் இருந்து வவுனியாவுக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொழுதுபோக்காக என்ன செய்யலாம் என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு யோசனைதான். வீட்டு அலுமாரியில் பழைய சீடி, பென்டிரைவ், உடைந்த கணினியின் ஹாட் டிஸ்க் கிடக்கும். எறியாதீர்கள். முதலில் அப்படியே ஒரு பிரதி எடுங்கள், மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். எந்த எழுத்துரு என்று ரைப் பண்ணியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள். மாற்றி முடித்த பிறகு கண்ணால் பார்த்துத் திருப்திப்படாமல், அதற்குள் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பெயரைப் போனில் அடித்துத் தேடிப் பாருங்கள்.

வரவில்லை என்றால், பெயர் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் நிரலைப் பாருங்கள்.